மருந்துக் கடைக்குப் போகும் முன் ஒரு தண்டைப் பிளந்து பாருங்கள்

கேள்வி:

ஐயா, எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். கிணற்றடித் தோட்டத்தில் 40 சென்டில் கத்திரி நட்டு இன்றோடு 38 நாள் ஆகிறது. மூன்றடிக்கு இரண்டடி இடைவெளி. நட்ட முதல் வாரத்திலேயே இருபது முப்பது நாற்று தரையோடு அறுந்து கிடந்தது. அதன் பிறகு சில செடியில் கொழுந்து மட்டும் தலை தொங்கியது. இப்போது நன்றாக நின்ற செடி இரண்டே நாளில் முழுதாக வாடுகிறது. சில தண்டில் ஓட்டை, மரத்தூள் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. கிழக்கு ஓரத்தில் மூன்று வரிசை முறுக்கிக்கொண்டு கோணலாக நிற்கிறது. தண்டில் எறும்பும் ஏறுகிறது. கடையில் சொன்னபடி இரண்டு மருந்தைக் கலந்து மூன்று தடவை அடித்துவிட்டோம். இதுவரை 130 செடி போய்விட்டது. நடவுக்குப் பத்து நாள் முன்னால் பழைய கத்திரியைப் பிடுங்கி, அதன் தண்டை, அதாவது மாரை, விறகுக்காக வேலியோரம் அடுக்கி வைத்தோம். அந்தப் பக்கம்தான் அதிகம் போகிறது. அங்கே மண்ணில் ஏதாவது கோளாறா? மரபணு மாற்றிய பி.டி. கத்திரி விதை வாங்கினால் இந்தத் தொல்லையே இருக்காது என்கிறான் மகன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நல்ல மருந்து சொல்லுங்கள். இல்லை, உழுதுவிட்டு வேறு பயிர் வைக்கட்டுமா? ஆறு படம் அனுப்பியிருக்கிறேன்.

– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உழ வேண்டாம். நீங்கள் நட்டிருக்கும் இடைவெளிக்கு 40 சென்டில் சுமார் 2,900 செடி நிற்கும். அதில் 130 போயிருக்கிறது. நூற்றுக்கு ஐந்துகூட ஆகவில்லை. கண்ணெதிரே செடி சாகும்போது தோட்டமே போய்விட்ட மாதிரிதான் தெரியும். ஆனால் நீங்கள் போன செடியை எண்ணி வைத்திருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பெரும்பாலும் "நிறையப் போச்சு" என்றுதான் எழுதி வரும். அதை வைத்து யாரும் எதுவும் முடிவு செய்ய முடியாது.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மருந்து என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்று கிடையாது. யாராவது இருக்கிறது என்று சொன்னாலும் வாங்காதீர்கள். உங்கள் ஆறு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் தோட்டத்தில் குறைந்தது ஐந்து காரியம் தனித்தனியாக நடந்திருக்கிறது. அதில் ஒன்று முடிந்துபோன கதை. இன்னொன்றுக்கும் பூச்சிக்கும் சம்பந்தமே இல்லை. மீதியைத்தான் நாம் பிடிக்க வேண்டும்.

தண்டு அடிபட்ட செடியைக் கொண்டுவந்து யார் நீட்டினாலும் நான் முதலில் பார்ப்பது காயம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான். நுனியிலா, நடுத்தண்டிலா, மண்ணை ஒட்டியா, மண்ணுக்குக் கீழேயா? கத்திரியைத் தின்கிற ஒவ்வொரு பூச்சிக்கும் செடியில் ஓர் இடம் உண்டு. பெரும்பாலும் அந்த இடத்தை விட்டு அது நகராது. அதனால் காயத்தின் இடம் தெரிந்தாலே பாதி விடை வந்துவிடும். மீதிப் பாதிக்கு ஒரு பேனாக்கத்தி வேண்டும்.

உங்கள் மூன்றாவது படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் செடியைக் கொன்றதில் பெரிய பங்கு அதற்குத்தான். மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்தில், இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில், பழுப்பு நிறத்தில் ஈரத் தூள் திரண்டு ஒட்டியிருக்கிறது. நீங்கள் மரத்தூள் என்று எழுதியிருப்பது புழுவின் எச்சம். உள்ளே உட்கார்ந்து தண்டைக் குடைந்து தின்றுவிட்டு, வந்த வழியை எச்சத்தால் அடைத்து வைத்திருக்கிறது. வாடிய செடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வாசலில் வெளிச்சத்தில் உட்காருங்கள். அந்தத் தூளைத் துடைத்துவிட்டு, அதற்கு இரண்டு அங்குலம் மேலே கத்தியை வைத்துத் தண்டை நீளவாக்கில் மெதுவாகக் கீறி, வேர் வரைக்கும் பிளந்து விரியுங்கள். நடுவில் சோறு இருக்க வேண்டிய இடம் பழுப்பேறிய சுரங்கமாக இருக்கும். ஈரத் தூள் நிறைந்திருக்கும். சுரங்கத்தின் கீழ்க்கோடியில் பால் வெள்ளையில், ஆரஞ்சுப் பழுப்புத் தலையோடு, அங்கங்கே முடி நீட்டிக்கொண்டு ஒரு புழு சுருங்கி நகரும். இதுதான் தண்டுத் துளைப்பான். காய்க்கு இது போகாது. தண்டுதான் இதற்கு வீடும் சாப்பாடும். ஒரு மாதம்கூட உள்ளேயே இருந்து தின்றுவிட்டு, அதே சுரங்கத்தில் கூடு கட்டி, அந்துப்பூச்சியாகி வெளியே வரும். வளர்ந்த செடியில் இது புகுந்தால் செடி குறுகி, காய் சிறுத்து, எப்படியோ காலம் தள்ளும். 38 நாள் செடியின் தண்டு விரல் கனம்கூட இல்லை. ஒரு புழு நடுத்தண்டைத் தின்றாலே மேலே தண்ணீர் ஏறாது.

இப்போது தெரிந்திருக்கும், மூன்று தடவை மருந்து அடித்தும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று. நீங்கள் இலை மேல் அடித்தீர்கள். புழு மரத்துக்குள் இருந்தது, வாசலையும் எச்சத்தால் பூசி வைத்திருந்தது. அந்த மருந்து போய்ச் சேர்ந்தது இலை மேல் திரிந்த பொறிவண்டுக்கும், புழுவின் உடம்பில் முட்டையிடுகிற சின்னக் குளவிக்கும். அவையெல்லாம் உங்களுக்கு வேலை செய்ய வந்தவை.

சரி, இந்தப் புழு எங்கிருந்து வந்தது? இதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பழைய கத்திரியைப் பிடுங்கி, மாரை வேலியோரம் அடுக்கி வைத்தோம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முழுக் கடிதத்திலும் பெரிதாகத் தெரிந்தது. பிடுங்கிய செடியின் தண்டில் இருந்த புழு, செடி காய்ந்ததும் செத்துவிடாது. இருக்கிற ஈரத்தில் தின்று முடித்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, பறந்து வரும். பத்தடி தூரத்தில் பச்சைப் பசேலென்று இளங்கத்திரி நின்றால் வேறெங்கே போகும்? அந்தப் பக்கம் மண்ணில் கோளாறா என்று கேட்டீர்கள். மண்ணைக் குற்றம் சொல்வதற்கு முன் அந்த விறகுக் குவியலைப் பாருங்கள். நாலைந்து மாரை உருவிப் பிளந்தால், காலிக் கூடும் கிடைக்கும், உயிரோடு இருக்கிற கூடும் கிடைக்கும். பாதிக்கு மேல் ஏற்கெனவே பறந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் மீதியை விட்டுவைக்கக் கூடாது. இந்த வாரமே அதை அடுப்புக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். அவ்வளவு விறகு ஒரே வாரத்தில் எரியாது என்றால், தோட்டத்தை விட்டு அப்பால் கொண்டுபோய், கண் நெருக்கமான நைலான் வலையைப் போர்த்திச் சுற்றிலும் மண் அணைத்து வையுங்கள். வெளியே வருகிற அந்துப்பூச்சி வலைக்குள்ளேயே சாகும்.

பக்கத்துத் தோட்டத்திலும் யாராவது பழைய கத்திரியை அடியோடு வெட்டிவிட்டு மறுபடி துளிர்க்க விட்டிருக்கிறார்களா பாருங்கள். தண்டுத் துளைப்பானுக்கு அதைவிடச் சௌகரியமான இடம் கிடையாது. இதைப் பற்றிப் பேசப் போனால் சண்டை மாதிரி ஆகிவிடும் என்று பலர் தயங்குவார்கள். பிளந்த தண்டைப் புழுவோடு கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பார்த்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

தண்டுக்குள் புழு புகுந்து, செடி முழுதாக வாடியிருந்தால் அதைக் காப்பாற்ற வழியில்லை. பிடுங்கி எரித்துவிடுங்கள். வரப்பில் வீசினால் மறுபடி இதே கதைதான். ஓட்டை இருந்தும் செடி இன்னும் வாடாமல் நின்றால், துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி எடுத்துப் பார்க்கலாம். பத்தில் மூன்று நான்கு பிழைக்கும். கூலி ஆள் வைத்துச் செய்கிற வேலை இல்லை இது. உங்கள் கையால், காலையில் ஒரு மணி நேரம்.

இரண்டாவது படம் கொழுந்து தொங்கியது. இங்கே காயம் நுனியில். தொங்கிய கொழுந்துக்குக் கீழே, பச்சைத் தண்டில் குண்டூசித் தலை அளவு துளை, அதிலும் கொஞ்சம் எச்சம். பிளந்தால் இளஞ்சிவப்பு நிறப் புழு. இது காய்ப்புழு என்று நாம் சொல்கிற அதே புழுதான். தண்டு மற்றும் காய்த் துளைப்பான் என்று இதற்கு முழுப்பேர். செடியில் காய் வராத வரைக்கும் இது கொழுந்தைக் குடையும். காய் வந்ததும் காய்க்குப் போய்விடும். ஆகவே இன்று தொங்குகிற ஒவ்வொரு கொழுந்தும் இன்னும் மூன்று வாரத்தில் சொத்தைக் காயாகப் போகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குச் சுலபமான வேலை ஒன்று உண்டு, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், வெயில் ஏறுமுன், ஒரு சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாகப் போங்கள். தொங்கிய கொழுந்தைத் துளைக்கு ஒரு அங்குலம் கீழே கிள்ளிப் பையில் போடுங்கள். கீழே போடக் கூடாது. கீழே விழுந்த கொழுந்திலிருந்து புழு ஊர்ந்து வந்து சருகிலும் தண்டிலும் சாம்பல் நிறத்தில் கெட்டியான பட்டுக்கூடு கட்டிவிடும். பையோடு எரித்துவிடுங்கள், இல்லை ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே பக்கக் கிளை வெடிக்கும், செடிக்கு நஷ்டம் இல்லை. கூடவே, பெண் அந்துவின் வாடையைக் காட்டி ஆண் அந்துவை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். ஏக்கருக்கு ஐந்து என்பது பரிந்துரை. அந்தக் கணக்குக்கு உங்களுக்கு இரண்டு போதும், ஆனால் விறகுக் குவியல் பக்கம் இருப்பதால் நான் நான்கு வைக்கச் சொல்வேன். செடியின் தலைக்குச் சற்று மேலே இருக்கிற மாதிரி குச்சியில் கட்டுங்கள். செடி வளர வளரப் பொறியையும் ஏற்ற வேண்டும். உள்ளே இருக்கும் வாடைக் குப்பியை மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்தப் பொறியில் காய்ப்புழுவின் ஆண் அந்து மட்டும்தான் விழும். தண்டுத் துளைப்பானுக்கு இது உதவாது, குழம்பிவிடாதீர்கள்.

வேப்பங்கொட்டைச் சாறும் கை கொடுக்கும். 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, சாயங்காலம் அடியுங்கள். முட்டையிட வருகிற அந்துக்கு இந்த வாடை பிடிக்காது. உள்ளே போய்விட்ட புழுவை இது ஒன்றும் செய்யாது.

இனி நாலாவது படம். இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த மாதிரிச் செடியில் நானே ஒருமுறை தப்புச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம். ஒரு பெரியவர் தோட்டத்தில் கத்திரி அங்கொன்றும் இங்கொன்றுமாக வாடியது. வரப்பில் நின்றே பார்த்தேன். தண்டில் ஓட்டை இல்லை, நுனியில் காயம் இல்லை. வேரழுகல் என்று சொல்லி, பூஞ்சண மருந்தை வேரில் ஊற்றச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் நகையை அடகு வைத்து மருந்து வாங்கினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இரண்டு வாரம் கழித்துப் போனபோது பாதித் தோட்டம் காலி. அவரே ஒரு செடியைப் பிடுங்கி என் முன்னால் போட்டார். வேரில் பக்கவேர் ஒன்றுகூட இல்லை. எலி கடித்த கயிறு மாதிரி மொட்டையாக இருந்தது. பிடுங்கிய குழியில் வெள்ளைப் புழு இரண்டு சுருண்டு கிடந்தது. அன்றைக்கு ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். அவர் திட்டவே இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

உங்கள் நாலாவது படத்தில் செடி முழுதாகத் தொங்கிக் கிடக்கிறது, தண்டு சுத்தமாக இருக்கிறது. ஆனால் படத்தின் இடது மூலையில் பக்கத்துச் செடியின் இலை கொஞ்சம் தெரிகிறது. அதன் ஓரத்தைப் பாருங்கள். யாரோ டிக்கெட்டில் ஓட்டை போடுகிற கருவியால் ஓரம் ஓரமாகக் கடித்த மாதிரி அரைவட்ட வெட்டு இருக்கிறது. சாம்பல் நிறக் கூன்வண்டின் வேலை அது. வண்டு மேலே இலை ஓரத்தைக் கடிக்கும். அது மண்ணில் இடும் முட்டையிலிருந்து வரும் புழு கீழே வேரைத் தின்னும். காலையில் செடியை லேசாகத் தட்டினால் வெளிறிய சாம்பல் நிறத்தில், குட்டை மூக்கோடு, செத்த மாதிரி கீழே விழும். அடியில் ஒரு துணியை விரித்துவிட்டுத் தட்டினால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம்.

ஆனால் படத்தை மட்டும் பார்த்து நான் முடிவு சொல்ல மாட்டேன். இன்றைக்கே, புதிதாக வாடிய செடியாகப் பார்த்து மூன்றைப் பிடுங்குங்கள். வெடுக்கென்று இழுக்காமல், மண்வெட்டியால் சுற்றிலும் வெட்டி மண்ணோடு தூக்குங்கள். மண்ணை உதிர்த்து வேரைப் பாருங்கள். பக்கவேர் தின்னப்பட்டு, மண்ணில் கால் இல்லாத வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் கூன்வண்டுதான். வேர் முழுதாக இருந்து, மண்ணை ஒட்டிய தண்டில் வெள்ளை நூல் படர்ந்து, அதில் கடுகு மாதிரி பழுப்பு மணிகள் இருந்தால் அது தண்டடி அழுகல், பூஞ்சணம். அப்படி இருந்தால் ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தை மக்கிய தொழு உரத்தில் கலந்து பக்கத்துச் செடிகளின் அடியில் வையுங்கள்.

வேரும் நன்றாக இருக்கிறது, தண்டடியும் சுத்தம், இலை மஞ்சளாகக்கூட இல்லாமல் பச்சையாகவே தொங்கிவிட்டது என்றால், ஒரு கண்ணாடி டம்ளரில் நல்ல தண்ணீர் எடுங்கள். தண்டடியிலிருந்து இரண்டு அங்குலத் துண்டு ஒன்றைச் சுத்தமான பிளேடால் நறுக்குங்கள். வெட்டுவாய் தண்ணீரில் லேசாகப் படும்படி பிடித்து, ஆட்டாமல் அசைக்காமல் ஐந்து நிமிஷம் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து ஊதுபத்திப் புகை கீழ்நோக்கி இறங்குகிற மாதிரி, பால் நிறத்தில் மெல்லிய இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். உங்களுக்கு இதைச் சொல்லக் காரணம், நீங்கள் கத்திரிக்குப் பின்னாலேயே கத்திரி நட்டிருக்கிறீர்கள். கூன்வண்டுப் புழுவானாலும் சரி, இந்த பாக்டீரியாவானாலும் சரி, மண்ணில் தங்கி அடுத்த பயிருக்குக் காத்திருக்கிற சங்கதி.

கூன்வண்டு என்று உறுதியானால், வேப்பம் புண்ணாக்கு ஏக்கருக்கு 200 கிலோ என்ற கணக்கில் 80 கிலோ வாங்கி, செடி அடியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக் கொத்தி மண் அணைத்துத் தண்ணீர் விடுங்கள். கடைசி உழவிலேயே போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், இருக்கட்டும். மெட்டாரைசியம் என்ற நன்மை செய்யும் பூஞ்சணம் பாக்கெட்டில் கிடைக்கும். தொழு உரத்தில் கலந்து ஈர மண்ணில் போட்டால் புழுவைப் பிடிக்கும். வெயிலில் காய்ந்த மண்ணில் போட்டால் பணம் வீண்.

ஐந்தாவது படம், கிழக்கு ஓரத்து மூன்று வரிசை. தண்டு பாம்பு மாதிரி வளைந்து, இலை குறுகி விரல் விரலாக நீண்டு நிற்கிறது. இதை எந்தப் புழுவும் செய்யவில்லை. படத்தில் பின்னால் தெரிவது மக்காச்சோளம். அங்கே களைக்கொல்லி அடித்தார்களா என்று கேளுங்கள். மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களையைக் கொல்ல 2,4-டி அடிப்பது வழக்கம். மக்காச்சோளத்துக்கு ஒன்றும் ஆகாது. காற்றில் அந்தச் சாரல் கத்திரிக்கு வந்தால் இந்த மாதிரி முறுக்கும். ஓரத்து வரிசை மட்டும் பாதித்து, உள்ளே போகப் போகக் குறைவதுதான் இதற்கு அடையாளம். அப்படி இல்லாமல் தோட்டத்தில் திட்டுத் திட்டாக இருந்தால், உங்கள் ஸ்பிரேயரிலேயே முன்னால் களைக்கொல்லி அடித்துக் கழுவாமல் விட்டிருக்கலாம். நிறைய வீட்டில் ஒரே டேங்க்தான் எல்லாவற்றுக்கும். களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வைத்துக்கொள்ளுங்கள், பழைய டேங்காக இருந்தாலும் பரவாயில்லை. இந்த மூன்று வரிசைக்கும் தண்ணீர் மட்டும் விட்டு இரண்டு வாரம் பொறுங்கள். புதுக் கொழுந்து நேராக வந்தால் செடி தேறிவிடும்.

முதல் வாரத்தில் தரையோடு அறுந்த நாற்று வெட்டுப்புழுவின் வேலையாக இருக்க வேண்டும். பகலில் மண்ணுக்குள் சுருண்டு கிடந்து, ராத்திரி வந்து தண்டை அறுக்கும். உங்கள் முதல் படத்தில் வெட்டு பிசிறாக, மண் மட்டத்தில் இருக்கிறது. முயல் கடித்திருந்தால் கத்தியால் சாய்வாகச் சீவிய மாதிரி இன்னும் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். உங்கள் பக்கம் மயில் தொல்லையும் உண்டு, ஆனால் மயில் கொத்தினால் நாற்று கிழிந்து பிடுங்கிக் கிடக்கும். எதுவானாலும் இப்போது தண்டு முற்றிவிட்டது, இனி அறுக்காது. அடுத்த நடவில், சாயங்காலம் அங்கங்கே பிடுங்கிய களையைக் குவித்து வைத்து, விடிந்ததும் புரட்டிப் பாருங்கள். புழு அடியில் கூடிக் கிடக்கும், பொறுக்கிவிடலாம்.

எறும்பு தண்டைக் கெடுக்காது. இலைக்கு அடியில் மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கும், அது கழிக்கிற இனிப்புத் தண்ணீருக்காக ஏறுகிறது. அந்த இலையைக் கிள்ளிப் போட்டால் எறும்பும் போய்விடும்.

மகன் கேட்ட பி.டி. கத்திரியைப் பற்றி. அந்தத் தொழில்நுட்பம் வந்ததே காய்ப்புழுவுக்காகத்தான். இந்தியாவில் 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். நம் நாட்டில் சாகுபடிக்கு அனுமதி இல்லை. வங்கதேசத்தில் 2013இல் அனுமதித்தார்கள். ஆகவே இங்கே யாராவது பி.டி. என்று சொல்லி விதை விற்றால் அது சட்டத்துக்குப் புறம்பானது, இல்லை பொய். இன்னொன்றும் மகனுக்குச் சொல்லுங்கள். அந்த விதையில் இருக்கும் நச்சு அந்துப்பூச்சி இனத்துப் புழுவுக்குத்தான். வேரைத் தின்கிற கூன்வண்டுக்கும், பாக்டீரியா வாடலுக்கும், பக்கத்துக் காட்டுச் சாரலுக்கும் அது என்ன செய்யும்? அவருக்கு ஆர்வம் இருந்தால், சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக் கட்டிய கத்திரி நாற்றைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். வாடலுக்கும் வேர் முடிச்சு நூற்புழுவுக்கும் சுண்டை வேர் நன்றாகத் தாங்கும். நாற்று விலை கூடுதல்தான்.

இரசாயன மருந்தே வேண்டாமா என்று கேட்பீர்கள். கிள்ளியும் பொறி வைத்தும் கொழுந்து தொங்குவது வாரா வாரம் கூடிக்கொண்டே போனால் அடிக்கலாம். காய்ப்புழுவுக்கு இமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி., 10 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம். கிள்ளி முடித்த அன்று சாயங்காலம், தனியாக, வேறு எதையும் கலக்காமல். அட்டையில் போட்டிருக்கிற காத்திருப்பு நாள் முடியாமல் காய் பறிக்காதீர்கள். மூன்று தடவை அடித்த இரண்டு மருந்தின் பெயரையும் நீங்கள் எழுதவில்லை. காலி பாட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் மோனோகுரோட்டோபாஸ் என்று இருந்தால், அதைக் காய்கறியில் அடிக்கவே கூடாது என்று 2005லிருந்தே தடை இருக்கிறது. அந்தக் கடையில் இனி எதுவும் வாங்காதீர்கள். முதல் பறிப்பை வீட்டுக்கும் எடுக்க வேண்டாம், சந்தைக்கும் அனுப்ப வேண்டாம்.

டம்ளரில் என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள், முடிந்தால் பிளந்த தண்டையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பால் இழை இறங்கியிருந்தால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்தச் செடியை வேர்மண்ணோடு ஒரு பையில் அள்ளி அப்புறப்படுத்துங்கள், குழியில் ப்ளீச்சிங் பவுடர் தூவுங்கள், அந்த வரிசையில் பாய்ந்த தண்ணீர் அடுத்த வரிசைக்குப் போகாமல் வாய்க்காலை அடைத்துவிடுங்கள். அங்கே வெட்டிய கத்தியையும் மண்வெட்டியையும் கழுவாமல் மற்ற செடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.